என் அண்ணியின் பதினான்கு மாதிரித் தேர்வுகள்

என் அண்ணியைப் பற்றி யாராவது கேட்டால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் கேட்கிறவர்களுக்கு ஏதோ உள்குத்து இருக்கிற மாதிரி தோன்றும். இதில் அப்படி ஒன்றும் இல்லை.

அண்ணிக்கு முப்பத்தேழு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அடித்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்கிற பிரிவில் பதினோரு வருஷமாக வேலை. மேலே ஆபரேஷன் முடிந்ததும் ரத்தக்கறையோடு கத்திரிகளும் இடுக்கிகளும் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கும். கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாக எண்ணி, துணியில் பொட்டலம் கட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் எஃகுப் பெட்டிக்குள் வைத்து நீராவியில் அவிக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடுகள் விழுந்தால் கிருமி செத்தது என்று அர்த்தம். ஒரு தட்டுக்கு முப்பத்திரண்டு கருவி. முப்பத்தொன்று இருந்தால் அந்தத் தட்டு அண்ணியின் கையை விட்டு நகராது. ஒருமுறை ஒரு சின்ன இடுக்கிக்காகக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தவர்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் நர்சிங் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதலாம், வயது தடை இல்லை என்று அறிவிப்பு வந்தது. அன்று சாயங்காலமே அண்ணி, ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற என்னுடைய ஜெராக்ஸ் கடைக்கு வந்து விண்ணப்பத்தை நீட்டினார்.

“ரெண்டு காப்பி போடு. ஒண்ணு நான் கிழிச்சுப் போட்டாலும் இன்னொண்ணு இருக்கணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் சீக்கிரம் எழுந்து படிப்பார். மதிய இடைவேளையில் பொட்டலம் கட்டும் மேஜையின் ஓரத்தில் புத்தகம் விரித்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. மூன்று மணி நேரம், இருநூறு கேள்வி, கேள்விக்கு ஒரு மார்க், தப்புக்குக் கழிவு கிடையாது. முந்தைய வருஷம் நூற்றிருபது எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது.

முதல் தேர்வில் அண்ணிக்கு நூற்று முப்பத்தொன்று. வீடே குதித்தது. அடுத்த வாரம் தொண்ணூற்றாறு. அதற்கடுத்து நூற்று முப்பத்தெட்டு. பிறகு நூற்று நாலு. ஐந்தாவது தேர்வில் நூற்று நாற்பத்தொன்று வந்தபோது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான என் அண்ணன் அந்த விடைத்தாளை எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டினார். ஆறாவது தேர்வில் எண்பத்தெட்டு. அதை யாரும் எங்கும் ஒட்டவில்லை.

மையத்தில் அண்ணிக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. ‘ஊஞ்சல் அக்கா.’ வைத்தது கூடப் படிக்கிற பெண்கள். பயிற்சி ஆசிரியரும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “இப்படி ஏறி இறங்கினா நான் என்னத்த சொல்றது? இன்னும் நல்லா படிங்க.”

படிக்காமலா இருந்தார்? அதுதான் அவரைக் குடைந்தது. படித்த வாரமும் மார்க் இறங்கியது, தலைவலியோடு போன வாரமும் ஏறியது. நல்ல மார்க் வந்தால் அதிர்ஷ்டம் என்றும், மோசமான மார்க் வந்தால் இதுதான் நம்ம லட்சணம் என்றும் எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார். எண்பத்தெட்டு வந்த வாரம் புத்தகத்தைத் தொடவே இல்லை. அண்ணன் மெல்லக் கேட்டதற்கு, “எனக்கு எந்த மார்க் என்னோடதுன்னே தெரியலீங்க” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை.

அதே வாரம் புதன்கிழமை அடித்தளத்தில் ஒரு சம்பவம். நீராவிப் பெட்டியிலிருந்து வெளியே வந்த பொட்டலங்களில் பாதிக்குப் பட்டை கறுக்கவில்லை. உடன் வேலை செய்கிறவர்கள், “மெஷின் போச்சு, மேலிடத்துக்குச் சொல்லுங்க” என்றார்கள். அண்ணி பதிவேட்டை எடுத்தார். அந்த மாதம் சரியாக வந்த அடுக்குகளையும் சரியாக வராத அடுக்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கறுக்காத நாட்களில் எல்லாம் பெரிய தட்டுகள் கீழ் வரிசையில் இடைவெளி இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. நீராவி உள்ளே போக வழியில்லை. அடுக்கை மாற்றினார், பட்டை கறுத்தது.

மறுநாள் மதியம் கடைக்கு வந்தார். பையில் ஆறு மாதிரித் தேர்வின் தாள்களும் இருந்தன. மோசமான மூன்றும் நாலாக மடிக்கப்பட்டு, எண்ணெய் பட்டு, அலமாரியின் அடியில் கிடந்தவை.

“என்ன அண்ணி, காப்பியா?”

“இல்ல. உன் மேஜை பெருசு. விரிச்சுப் பாக்கணும்.”

என் கடையில் அப்போது கூட்டம். நான் வருகிறவர்களைச் சமாளித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பென்சிலால் ஒவ்வொரு தாளிலும் என்னவோ எண்ணிக்கொண்டிருந்தார். இடுக்கி எண்ணுகிற அதே முகம். முக்கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. நான் தொட்ட கேள்வில பத்துக்கு ஏழு சரி. நூத்தி நாப்பத்தொண்ணு வந்தப்பவும் ஏழு. எண்பத்தெட்டு வந்தப்பவும் ஏழு.”

“அப்ப ஏன் எண்பத்தெட்டு?”

“அன்னிக்கு எழுபத்து நாலு கேள்விய நான் கண்ணாலகூடப் பாக்கல.”

நேரம் போதவில்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். தனக்கு விஷயம் தெரியாததால்தான் நேரம் போதவில்லை என்று நினைத்திருந்தார். தாள்களைச் சேர்த்து வைத்த பிறகுதான் விளங்கியது. உயிரியலில் தொடங்கும் தாள் என்றால் அண்ணி கடைசிவரை ஓடிவிடுவார். இயற்பியல் கணக்கில் தொடங்கும் தாள் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு கணக்கு வரவில்லையா, வருகிறவரை விடமாட்டார். பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம். ஒரு கருவி குறைந்தால் தட்டை அனுப்பாத கை அது. பதினோரு வருஷமாக எந்தக் குணத்தால் நல்ல பெயர் வாங்கினாரோ, அதே குணம் தேர்வு அறையில் அவருடைய காலைப் பிடித்து இழுத்தது.

“அப்ப நான் மக்கு இல்ல” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. “பிடிவாதக்காரி.”

“அது எங்களுக்கு எப்பவோ தெரியுமே!” என்றேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

காரணம் தெரிந்துவிட்டதே தவிர, கையைப் பழக்குவது லேசாக இல்லை. வராத கேள்வியின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு புள்ளிகளுக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் திட்டம். ஆனால் புள்ளி வைத்த பிறகும் கண் அந்தக் கேள்வியிலேயே நிற்கும். அதற்காகத் தினமும் மதியம் அரை மணி நேரம் என் கடையில் உட்கார்ந்து பழகினார். நான் கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்டேப்ளரை மேஜையில் ‘டக்’ என்று தட்டுவேன். தட்டினால் அடுத்த கேள்வி.

“இன்னும் ஒரே ஒரு வரி, இரு.”

“டக்.”

“அடியே, விடை வந்துடுச்சுடி!”

“டக் டக்.”

அண்ணியை அதட்டும் வாய்ப்பு எந்த நாத்தனாருக்கு இப்படிச் சும்மா கிடைக்கும்? நான் அனுபவித்துத் தட்டினேன்.

ஏழாவது தேர்வில் நூற்றிருபத்தாறு. அப்புறம் நூற்று முப்பத்து மூன்று, நூற்றுப் பத்தொன்பது, நூற்று முப்பத்தேழு. ஏறி இறங்கத்தான் செய்தது, ஆனால் பழைய பள்ளம் இல்லை. பத்து மார்க் இப்படி அப்படிப் போவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று அண்ணி ஏற்றுக்கொண்டார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை அவரே கழற்றினார். “இது ஒரு நாள் மார்க். நாலு வாரத்தச் சேர்த்துப் பாத்தாதான் நான் யாருன்னு தெரியும்” என்றார். பதின்மூன்றாவது தேர்வு வரை வண்டி சீராக ஓடியது.

பதினான்காவதுதான் கடைசி மாதிரித் தேர்வு. உண்மையான தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. தொண்ணூற்றேழு வந்தது.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த அண்ணன் கடைசியில், “வேணும்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாமே. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல” என்றார். பாசத்தில்தான் சொன்னார். அண்ணி பாத்திரங்களைக் கழுவி, கவிழ்த்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை எடுத்தார். எண்ணினார். பார்க்காமல் விட்ட கேள்வி இரண்டே இரண்டு. வழக்கமாகப் பத்துக்கு ஏழு சரியாக இருக்கிற இடத்தில் அன்று ஐந்துகூட இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் மையத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

“எப்பவும் நூத்தி அறுபத்தஞ்சு வாங்கற பொண்ணு இருக்கால்ல? அவளுக்கே நூத்தி எட்டுதான்! நான் மூணாவது!”

“என்ன சொல்றீங்க அண்ணி?”

“என் மார்க் இறங்கலடி. பேப்பரோட கஷ்டம் ஏறிடுச்சு! உங்க அண்ணன்கிட்ட சொல்லு, நான் எழுதறேன்.”

ஒரு காலத்தில் எண்பத்தெட்டைப் பார்த்துப் புத்தகத்தை மூடியவர், தொண்ணூற்றேழைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசினார். தேர்வு முடிவு எப்படி வந்திருந்தாலும் அந்தப் போன் ஒன்றே எனக்குப் போதும் என்று அப்போது நினைத்தேன்.

தேர்வு அன்று நானும் அண்ணனும் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றோம். சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்கள். அண்ணன் அவர்களைவிட அதிகமாக வியர்த்தார். மூன்று மணி நேரம் கழித்து அண்ணி வெளியே வந்தபோது விரலெல்லாம் பென்சில் கரி.

“எப்படி?” என்றார் அண்ணன்.

“மொத கேள்வியே குழாய்ல தண்ணி ஓடற கணக்கு. சத்தியமா வரல. புள்ளி வெச்சுட்டு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“இருநூறையும் பாத்துட்டேங்க. பசிக்குது.”

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. நூற்று முப்பத்தாறு. அந்த வருஷம் இடம் கிடைக்கத் தேவைப்பட்டது நூற்றிருபத்திரண்டு. அண்ணன் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கப் போன வீட்டிலெல்லாம் சொல்லி, இரண்டு வீட்டில் வேலையைப் பாதியில் மறந்துவிட்டு வந்தார். அடித்தளத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் அண்ணியைத் தூக்கிவிட்டார்களாம். அதில் ஒருத்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது தனிக்கதை.

கல்லூரியில் சேர்க்கைக்கு நான்தான் கூடப் போனேன், அண்ணன் அவசர வேலையில் மாட்டிக்கொண்டதால். கவுண்டரில் இருந்த அலுவலர் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

“பாதுகாவலர் கையெழுத்து இல்லையே.”

“எனக்கு முப்பத்தேழு வயசு சார்” என்றார் அண்ணி.

“கட்டத்துல கையெழுத்து இல்லாம கம்ப்யூட்டர் எடுக்காதும்மா. யார் வந்திருக்காங்களோ போடச் சொல்லுங்க.”

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்கு அவரைவிட நாலு வயது குறைவு. பேனாவை வாங்கி, என் ஆயுளில் போட்ட கையெழுத்துகளிலேயே அழகான ஒன்றைப் போட்டேன். உறவுமுறை என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘நாத்தனார்’ என்று எழுதினேன். அலுவலர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

“பொண்ணு நல்லா படிக்குமா?” என்று என்னிடம் கேட்டார்.

“பிரமாதமா படிக்கும் சார்” என்றேன்.