பென்சிலில் எழுதிய பெயர்கள்

தேனியிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்த புதிதில், மூன்று வயது மகளைப் பக்கத்துப் பால்வாடியில் சேர்த்தேன். அங்கிருந்த டீச்சரின் காதோரம் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வருகை நோட்டில் உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயரைப் பேனாவில் எழுதுவார். பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பென்சில்தான்.

"எம் புள்ளைன்னா அவ்வளவு எளக்காரமா டீச்சர்?" என்று கேட்டேவிட்டேன்.

எரிந்து விழுந்தார். "ஒரு பாட்டுப் பழகறதுக்குள்ள கம்பெனி மாறி ஊட்டக் காலி பண்ணிர்றீங்க. சொல்லிப்போட்டாவது போறீங்களா? அழிச்சு அழிச்சு நோட்டே கிழிஞ்சு போச்சு கண்ணு."

"நாங்க போக மாட்டோம்" என்றேன். பேனாவை எடுத்து மகளின் பெயரை எழுதினார்.

நான்காம் மாதமே வேறு கம்பெனி, வேறு வீடு. அவசரத்தில் அவரிடம் சொல்லவில்லை. அந்த டீச்சர்தான் வேண்டுமென்று மகள் பல நாள் அழுதாள்.

அந்த நோட்டில் அழிக்க முடியாமல் கோடு போட்டு அடித்த பெயர் அவளுடையதாக மட்டும்தான் இருக்கும்.