எதிர் வீட்டுப் பாவும் ஒரு முட்டையும்

அம்சவேணி பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, எட்டாவதோடு பள்ளியை விட்டு, நாலு தெரு தள்ளி நெசவுக்கார ராஜவேலுவுக்கு வாக்கப்பட்டவள். வெளியுலகம் என்று அவள் பார்த்தது சென்னைக்கு மூன்று தடவை, திருப்பதிக்கு ஒரு தடவை. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் எதிரே சுவர்தான்.

மகள் தீபிகா ஐந்தாவது படிக்கிறாள். கிளை நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, அம்மாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அம்மாவின் கையும் காலும்தானே வேலையில் இருக்கின்றன, காது சும்மாதானே. ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும், எரிமலையை எப்படி அணைப்பார்கள் என்று அம்சவேணி எதையாவது கேட்பாள். அதற்குப் பதில் தேடித்தான் அடுத்த புத்தகம் வீட்டுக்கு வரும்.

அன்றைக்குத் தென் துருவம்.

"பொம்பள பெங்குவின் முட்டைய போட்டுட்டு கடலுக்குப் போயிடுமாம்மா. ஆம்பளதான் அத்த கால் மேல வெச்சிக்கினு பனியில நிக்குமாம். ரெண்டு மாசம் சாப்பாடே கெடையாது."

"அதுக்கு வாய்ச்ச பொண்டாட்டியும் உங்கம்மா மாதிரிதான்போல," என்றான் அடுத்த தறியிலிருந்து ராஜவேலு.

அம்சவேணி சிரித்தாள். "கால் மேல எப்பிடி நிக்கும்? உருண்டுடாதா?"

அந்தக் கேள்வியில்தான் கணக்குப் போயிற்று. சேலையில் நெய்யும் புட்டாப் பூக்களின் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே எத்தனை இழை என்று அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே நெய்வாள். சாயங்காலம் ராஜவேலு அளந்து பார்த்தான். ஒரு வரிசை இரண்டு விரற்கடை முன்னாலேயே விழுந்திருந்தது. மறுநாள் அரைநாள் இரண்டு பேரும் குறுக்கே ஓட்டிய ஊடை நூலை இழை இழையாக உருவினார்கள். பட்டு நலுங்காமல் உருவுவது நெய்வதைவிடக் கஷ்டம்.

"இனிமே தறிகிட்ட புஸ்தகம் வேணாம் தாயே," என்றான் ராஜவேலு. "எண்ணிக்கினு நெய்றவ காதுல போயி ஓதாத."

தப்பு தன்னுடையது என்று அம்சவேணிக்குத் தெரியும். தறியை விட்டு எழுந்தால் அடுப்படி, மகளுக்கு டியூஷன்; படிக்க வேறு நேரமும் கிடையாது. நாலு நாள் சுவரைப் பார்த்தபடி நெய்தாள். புட்டா பிசகவில்லை. முட்டைதான் மனசை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை எதிர் வீட்டு மஹாலட்சுமி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "இன்னா அம்சா, உன் பொண்ணு வீடு வீடா வந்து பாவு எப்ப தீரும்னு கேக்குது? அது முதலாளி கேக்குற கேள்வியாச்சே. ஊட்டுக்காரரு முதலாளி ஆயிட்டாரா?"

அம்சவேணிக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை புரிந்தது. மஹாலட்சுமி வீட்டுத் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பழைய பாவு தீர்ந்து, அதன் நுனியில் புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. இரண்டு நாள் பிடிக்கும். விரலுக்குத்தான் வேலை. எண்ண வேண்டியதில்லை, காது சும்மாதான்.

தெருவைத் தாண்டி தீபிகாவின் குரல் வந்தது. நடுநடுவே வேறு பிள்ளைகளின் குரலும்.

"...அடிவயித்துத் தோலு மடிஞ்சி முட்டைய மூடிக்கும். அதனாலதான்..."

ஆட்டோ ஒன்று போய் மிச்சத்தை விழுங்கிவிட்டது. அம்சவேணி ஊடை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறினாள்.

"எங்க?" என்றான் ராஜவேலு.

"எதிர் வீட்ல பிணைக்க ஆள் பத்தலையாம்."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

அவன் தறியை நிறுத்தவில்லை. அவள் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"குஞ்சு பொரிச்சிதா இல்லையான்னு கேட்டுக்கினு வா."