நான்தான், ஓடாதீக

மலக்குடல்ல புத்துநோய்னு ஆபரேஷன் பண்ணி, பின்னால இருந்த வழிய அடச்சுத் தச்சு, எடது வயித்துல ஓட்டை போட்டு, அதுல ஒரு பையையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாக. சேலையக் கட்டிக்கிட்டுக் கண்ணாடியில பாத்தா, ஒரு பக்கம் மட்டும் மாசமா இருக்கவ மாதிரி இருந்தேன். கட்டுனவரு பக்கத்துல வந்து படுத்தாலும் "தள்ளிப் படுங்க, பை பிஞ்சிரும்"னு வெரட்டுவேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்குத்தான் என்னையப் புடிக்கல. இதுக்குச் செத்தே போயிருக்கலாம்னு வாய்க்கு வாய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

எட்டு மாசம் கழிச்சுப் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். திரி சொருகுற ரூம்ல நாங்க நாலு பொம்பளைக, நாலு பக்கமும் வாசல். 'புஸ்'னு சத்தம் கேட்டா, கையில இருக்கதப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம ஓடணும். எங்க பக்கம் இத யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம், காலு தன்னால ஓடும். பையப் பத்தி மட்டும் நான் மூச்சு விடல. தெரிஞ்சா பக்கத்துல உக்காந்து சோறு திங்க மாட்டாகளோன்னு பயம்.

மொச்சையத் தொடவே கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. என் நாக்கு கேட்டாத்தானே? மூணாம் நாளு மொச்சைக் கொழம்ப வளைச்சுக்கட்டித் தின்னுட்டு வந்து உக்காந்தேன். அரை மணி நேரத்துல வயித்துல இருந்து "புஸ்ஸ்ஸ்"ன்னுச்சு. மூணு பேரும் மூணு வாசல்ல பறந்துட்டாக. நான் மட்டும் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன்.

போர்மேன் ஓடியாந்து, "ஏம்மா, காது அடச்சுப் போச்சா? ஏன் ஓடல?"ன்னு கத்துனாரு. பொய் சொல்ல வழியில்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். ஓடுனவளுகளும் திரும்பி வந்து கேட்டுக்கிட்டு நின்னாளுக. அப்புறம் மூத்தவ தன் முழங்கால நீட்டுனா. "பாருங்க மதினி, தோலு பேந்துபோச்சு. மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" போர்மேன் என்னைய பேக்கிங்குக்குப் போகச் சொன்னாரு. இவளுக மூணு பேரும் விடல. சத்தம் வந்ததும் நான் குரல் குடுத்துரணும்னு பேசி முடிச்சாளுக.

அதுல இருந்து ஒரு நாளைக்கு நாலு தடவையாச்சும், "நான்தான், ஓடாதீக!"ன்னு கத்துவேன். அடுத்த ரூம்ல இருந்தும் சிரிப்பு வரும். மானம் போயிருச்சு. ஆனா அவளுகளோட உக்காந்து திங்கையில நல்லாப் பசி எடுத்துச்சு.

ஒரு மத்தியானம் மறுபடியும் "புஸ்"ஸு. மூணு பேரும் என் வாயப் பாக்குறாளுக. வயித்துல கைய வச்சேன். பை அசையல.

"ஏய், நான் இல்லடீ! ஓடுங்க!"

வெளிய காயப் போட்ட திரிதான் புகைஞ்சிருக்கு. மண்ண அள்ளிப் போட்டு அமத்திட்டாக. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நின்னு மூச்சு வாங்கித் திரும்பிப் பாத்தா, மூணு பேரும் எனக்குப் பின்னால தூரத்துல வாராளுக. நான் மட்டும் பைய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு மெயின் கேட்டுக்கே வந்துட்டேன்.

அடிப் பாவி, ஒனக்கு உசுரு மேல இம்புட்டு ஆசையா!