பாஸ்கருக்குப் பதில் போட்ட பாஸ்கர்

போன வாரம் ஓசூரில் தம்பி முரளியின் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஒரு ஃபேக்டரியில் ஹெச்.ஆர். ஆபீசர் அவன். சேர்ந்து சாப்பிடலாம் என்று கூப்பிட்டவன், சாப்பாட்டை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்க வட்டங்கள், அம்புக்குறிகள்!

விஷயம் இதுதான். இவர்கள் கம்பெனிப் பையன்கள் இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அதில் கம்பெனி பஸ்ஸைப் பற்றி ஒரே புகைச்சல். யார் தூண்டிவிடுவது என்று மேலிடம் கேட்க, யார் எத்தனை முறை எழுதினார்கள், யாருக்கு யார் பதில் போட்டார்கள் என்று கணக்கெடுத்து, ஆளுக்கொரு வட்டம், பதிலுக்கொரு அம்புக்குறி என்று படமும் போட்டுவிட்டான் முரளி.

"பெரிய வட்டம் இருக்குது பாருக்கா... பாஸ்கர்னு ஒரு டிரெயினி. தமிழ், கன்னடம், தெலுங்கு, மூணு பாஷைலயும் எழுதறான். மூணு கூட்டமும் இவன் கையில. இவனுக்குப் போய் எப்படிக்கா வேலைய கன்ஃபர்ம் பண்றது?"

எனக்குத் தலை சுற்றியது. ஓர் அம்புக்குறி பாஸ்கரிடம் கிளம்பி, வளைந்து பாஸ்கரிடமே வந்து நின்றது. தனக்குத் தானே பதில் போட்டுக்கொள்வானா ஒருத்தன்?

பாஸ்கரையே கூப்பிட்டான் முரளி. ஒடிசலாக, யூனிஃபார்ம் காலரைச் சரிசெய்துகொண்டே வந்து நின்றான் பையன்.

"சார், ஐடி மட்டுந்தான் என்னுது. குழுவுல சேர இமெயில் கேட்டாங்க. நாங்க ஆறு பேரு தங்கியிருக்கற ரூம்ல எனக்குத்தான் இருந்துச்சு. ஆறு பேருக்கும் பாஸ்வேர்டு தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சு யாரு பிரவுஸிங் சென்டர் போறாங்களோ, அவங்க எழுதுவாங்க."

"கன்னடம்?"

"அது ஆனேக்கல் பையன் சார். தெலுங்கு, தேன்கனிக்கோட்டைக்காரரு."

"நீயே எழுதி, நீயே அதுக்குப் பதில் போட்டு, அதுக்கும் நீயே பதில் போட்டிருக்கியே?"

"அவங்களுக்குள்ள சண்ட சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முரளிக்கு வரவில்லை. "சரி, பஸ்ஸப் பத்தி எழுதினது யாரு? பேரச் சொல்லு, நீ தப்பிச்சுக்கலாம்."

பாஸ்கர் மறுபடி காலரைச் சரிசெய்துகொண்டான். ஊரில் அந்தச் சம்பளத்தை நம்பி யார் யார் இருக்கிறார்களோ!

"நான்தான்னே வச்சுக்கோங்க சார்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். முரளி திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். இப்போது அந்தப் பெரிய வட்டத்தை என்ன செய்வது? ஆறாக உடைப்பதா? ஆறில் எது ஆபத்தானது? மூன்று பாஷைக்காரர்கள் ஒரே ரூமில், ஒரே பெயரில் குடியிருந்தால் எந்தக் கணக்கு தாங்கும்?

எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. "ஏன்டா, பஸ்ஸுக்கு அப்படி என்னதான் ஆச்சாம்?"

முரளி முழித்தான். "அதப் படிக்கலியேக்கா... எண்ணத்தான் செஞ்சேன்."

பிறகு இருவரும் உட்கார்ந்து படித்தோம். ராத்திரி செகண்ட் ஷிஃப்ட் விட்டதும், கெலவரப்பள்ளிப் பக்கம் போகிறவர்களை ஹைவேயிலேயே இறக்கிவிடுகிறார்களாம். லாரிகளுக்கு நடுவே, விளக்கில்லாத ரோட்டில் நடக்கிறார்களாம். ஒருவன் காலை ஒடித்துக்கொண்டானாம். மூன்று பாஷையிலும் இதே கதைதான். முரளி எனக்குக் கன்னடத்தைப் படித்துக் காட்டியபோது அவன் குரல் இறங்கிவிட்டது.

நேற்று பாஸ்கருக்கு வேலை கன்ஃபர்ம் ஆகிவிட்டது. முரளி கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பஸ்?" என்றேன்.

"எத்தன பேரு அங்க இறங்கறாங்கன்னு முதல்ல ஒரு கணக்கு எடுக்கச் சொல்லியிருக்காங்கக்கா..."