முருகைக்கல் பூச்சியும் கொழும்பு வேலையும்

1. வேலை

கொழும்பு வேலை எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. காங்கேசன்துறைப் பக்கம் இருந்த மீன் ஆய்வுகூடத்தில் சூசைக்கு முன்பே சேர்ந்தவன் நான். குருநகரிலிருந்து வந்த அவனுக்குப் போத்தல் கழுவக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் ஒபிசர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"முருகைக்கல்லிலை, அதுதான் பவளப்பாறையிலை, ஒரு பூச்சி இருக்கு. அதைப் பழுதில்லாமல் கொண்டுவாறவனைக் கொழும்புக்கு, பூச்சி ஆராயிற பகுதிக்கு அனுப்பப்போறன்."

"கடலுக்குள்ளை பூச்சியோ, ஐயா?" என்றேன்.

"ஓம். மூட்டைப்பூச்சிக்குச் சொந்தம். செட்டை இல்லை, பறக்காது. கடல் வற்ற வெளியிலை வந்து தண்ணிக்கு மேலை ஓடும். வெள்ளம் ஏறினால் கல் ஓட்டைக்குள்ளை காத்துக் குமிழோடை ஒளிச்சிருக்கும்."

2. பார்

கடல் வற்றிய நேரம், முருகைக்கல் திட்டான பாரில் இறங்கினோம். பூச்சி சாம்பல் நிறம், அரிசிமணியிலும் சின்னது. அதன் ஓட்டத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. நான் ஓட்டையுள்ள கல்லாகப் பார்த்து உடைத்தேன். நிறைய அகப்பட்டன. மீனைக் கெடாமல் வைக்கிற போமலினில் போட்டேன். சூசைக்குக் கிடைத்தவை கொஞ்சம். அவன் பனஞ்சாராயத்தில் போட்டான்.

"அண்ணை, போமலினிலை கால் விறைச்சு உடைஞ்சிடும். பாதியை என்ரை போத்தலுக்கை போடுங்கோ."

"உன்ரை சாராயத்துக்கையோ? ஆர் சொன்னது?"

"ஐயா சொன்னவர்."

எனக்குச் சொல்லாததை இவனுக்குச் சொன்னாராம்.

"பூச்சிக்கு விடமுந்தி நீ உன்ரை வாய்க்குள்ளை எவ்வளவு விட்டனி?" என்றேன்.

"மணந்துதான் பாத்தனான், அண்ணை" என்று சிரித்தான். நான் என் பூச்சியில் ஒன்றையும் கொடுக்கவில்லை.

3. மேசை

சில நாள் கழித்து ஐயா என் பூச்சியைச் சாமண இடுக்கியால் தூக்கினார். உடல் வந்தது, கால்கள் போத்தலிலேயே கிடந்தன.

"ஆணின்ரை முன்னங்கால் முள்ளைப் பாத்துத்தான் என்ன இனம் எண்டு சொல்லலாம். காலில்லாத பூச்சியை வைச்சு என்னடாப்பா செய்யிறது?"

சூசையின் பூச்சிகளில் எல்லாக் கால்களும் இருந்தன. அவன் கொழும்புக்குப் போனான்.

அடுத்த மாதமே ஐயா, "சூசைக்கு இன்னும் பூச்சி வேணுமாம், பிடிச்சு அனுப்பு" என்றார். அவனுக்கு நான் பூச்சி பிடிப்பதா? ஆனாலும் பிடித்தேன். போமலினை விட்டு, சாராயம் போன்ற ஸ்பிரிட்டில் போட்டேன். ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு முள் குறைந்ததையும் ஒதுக்கினேன். என் பூச்சியில் அவன் ஒரு குறை சொல்லக்கூடாது, அவ்வளவுதான். வேலையை விடும்வரை அவனுக்கு அப்படித்தான் அனுப்பினேன்.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கே அது இன்னும் போகவில்லை. பொறாமை வந்தால் வரட்டும், அனுப்புகிற பூச்சிக்குக் கால் இருக்க வேண்டும்.