மூன்றாம் நாள் குழம்பு

பொங்கல் குழம்பை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். அவரை, மொச்சை, பூசணி, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய் என்று அகப்பட்ட காயெல்லாம் போட்டுப் பெரிய சட்டியில் காய்ச்சுகிற குழம்பு அது. முதல் நாள் காய் தனியாக இருக்கும், புளி தனியாக இருக்கும். காலையும் மாலையும் கொதிக்கவைத்து இறக்கினால் மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாய்ச் சுண்டி, விரலில் எடுத்தால் வழியாமல் நிற்கும். பழைய சோற்றோடு அதைச் சாப்பிட்டவர்கள் வேறெதற்கும் ஆசைப்பட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அவர் வீட்டில் இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். பண்டிகை நேரம் பார்த்து ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. காணும் பொங்கல் அன்று சாயந்திரம் வந்து, விடிந்ததும் கிளம்பிவிடுவதாக டிராக்டர்காரரிடம் சொல்லி அனுப்பினார். கூடவே, "கொழம்ப மட்டும் காலி பண்ணிடாதிங்க" என்று ஒரு வார்த்தை. துணி, கறி என்று எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டதே அது ஒன்றுதான் என்பதால், பிள்ளைகளைக்கூடச் சட்டிப் பக்கம் அண்டவிடாமல் காவல் காத்தேன்.

காணும் பொங்கல் காலையில் எழுந்ததும் குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கினேன். அரைச் சட்டி இருந்தது. கட்டியாகிப்போன சர்க்கரைப் பொங்கலை அரிசி மாவோடு பிசைந்து பணியாரம் சுட்டுப் பிள்ளைகளின் வாயை அடைத்தேன். மிஞ்சிய அவரைப் பொரியலில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுப் புரட்டிவைத்தேன். ஒரு பருக்கை வீணாகவில்லை என்ற கர்வத்தோடு வீட்டை மாமியாரிடம் விட்டுத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். அந்தக் கர்வம் துணி அலசி முடிக்கிற வரைக்கும்தான் நிலைத்தது.

திரும்பி வந்தால் வாசலில் செருப்புகள். ரிஷிவந்தியத்திலிருந்து மாமியாரின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். காணும் பொங்கல் என்றால் சொந்தக்காரர்களைப் பார்க்க வருவார்கள்தானே. எல்லாரும் கை கழுவி முடித்திருந்தார்கள். "இன்னாமா கொழம்பு! நாக்கு இன்னும் கேக்குது" என்றார் அவர். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சட்டியைப் பார்த்தேன். அடியில் ஒரு கரண்டிக் குழம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா அத்த இது? அவுரு கேட்டது இது ஒண்ணுதான?"

"பசியோட வந்து குந்திக்கினாங்க. சட்டிய வெச்சிக்கினு இல்லன்னு சொல்ல சொல்றியா?"

சொல்ல முடியாதுதான். அது தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. வந்தவர்கள் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தலை மறைந்ததும் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். புதிதாக வைத்துவிடலாம், காய் இருந்தது. ஆனால் மூன்று நாள் பழசைப் புதிதாக எப்படி வைப்பது?

"தெரு முன வரைக்கும் கேக்குதே, இன்னா சண்ட?" என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். கொட்டித் தீர்த்தேன். அவர் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். "எங்க வூட்டு கொழம்பு. புளி கொஞ்சம் ஜாஸ்தி. ஊத்திக்க."

அக்கா சும்மா வரவில்லை, தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கிண்ணமும் தூக்குமாக வர ஆரம்பித்தன. ஒருத்தர் குழம்பில் தேங்காய், ஒருத்தர் குழம்பில் கருணைக்கிழங்கு, ஒருத்தர் குழம்பில் காரம் மட்டுமே. ஒன்று நுரைத்திருந்தது. முகம் மாறாமல் வாங்கிவைத்து, கொடுத்தவர் போனதும் குப்பைக்குழியில் ஊற்றினேன். அது யார் வீட்டுக் குழம்பு என்று இன்றுவரை நான் வாய் திறந்ததில்லை. மற்றதையெல்லாம் எங்கள் கடைசிக் கரண்டியோடு சேர்த்து, புளிய விறகைச் சின்னதாக எரியவிட்டுச் சாயந்திரம் வரை சுண்டவைத்தேன். எனக்கே வாசனை பிடித்துப்போனது. ஆனால் அவர் கேட்டது எங்கள் வீட்டுக் குழம்பை. மாமியார் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். குளித்துவிட்டு உட்கார்ந்து, தட்டில் கைவைத்ததும் "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார். விரலெல்லாம் கரும்புச் சோகை இலை கிழித்த கீறல், புளிபட்டு எரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை வாங்கி நானே பிசைந்து, உருண்டை பிடித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

மென்றவர் என்னைப் பார்த்தார். "இது நம்ம வூட்டு கொழம்பு இல்லியே."

மாமியார் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மறைத்து என்ன ஆகப்போகிறது? "உங்க மாமா வூட்டுல வந்தாங்க. அத்த அவங்களுக்கு ஊத்திட்டாங்க. இது தெருவு பூரா குடுத்தது" என்றேன்.

அவர் அடுத்த உருண்டையை நிதானமாக மென்றார். "கருண போட்டுக்கிறது கோடி வூட்டு அண்ணி. புளி, பக்கத்து வூட்டு அக்கா." பிறகு சிரித்துவிட்டார். "காணும் பொங்கலு, ஒரு வூட்டுக்கும் போவ முடியலியேன்னு நெனச்சிக்கினே வந்தேன். குந்தின எடத்துலயே எல்லார் வூட்டுலயும் சாப்ட்டுட்டேன்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. மாமியார் இன்னும் நிமிரவில்லை. "எம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டார் அவர். காலையில் நான் கழுவிக் கவிழ்த்த மாமியாருடைய தட்டு, கவிழ்த்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்து மாமியார் பக்கம் நீட்டினேன். எட்டவில்லை. நகர்ந்து வந்து உட்கார்ந்து கையை ஏந்தினார்.

"கருண அரிக்குதுடி" என்றார், மென்றுகொண்டே.

"அரிச்சா அரிக்கட்டும். இந்தாங்க அத்த, இன்னொண்ணு புடிங்க."