சோடாக்கடை ஐஸ் பெட்டியில் தங்கையின் மருந்து

என் தங்கைக்குச் சர்க்கரை நோய் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடும் வேலை என்னிடம் வந்தது.

"குப்பியை ஈர மணல்ல பொதச்சு, பானை பக்கத்துல வைம்மா" என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். படிக்காதவர்களுக்குச் சொல்லும் யோசனை அது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மருந்தோடு இருந்த இங்கிலீஷ் சீட்டைப் பிரித்தேன். எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"குளிர்ச்சியா வெக்கணும்னு போட்டுக்கீது" என்றேன்.

"பாரேன், இங்கிலீஸத் தண்ணி மாரி படிக்குது!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்தப் பூரிப்பில் மீதி வரிகளைப் படிக்காமலே சீட்டை மடித்துவிட்டேன். நேரே ரயில்வே கேட் சோடாக்கடைக்குப் போனேன்.

"அண்ணாத்தே, இத்த ஐஸ் பெட்டில வெச்சுக்கிறியா?"

"தங்கச்சி மருந்தா? குடும்மே, கெடக்கட்டும்" என்று ஐஸ் பாளத்தின் மேலேயே வைத்தார். ஒரு காசு கேட்கவில்லை.

காலையில் குப்பி கல்லாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உருகியதும் ஊசியில் ஏற்றுவேன். நாலாம் நாள் தங்கை தண்ணீருக்குப் பறந்தாள். "இன்னாடி, ஒரு பானைய நீயே காலி பண்ணிக்கினு கீற?" என்று அம்மா ஏசினாள். மறுநாள் வாந்தி. மூச்சு இரைத்தது. நைனா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினார்.

"மருந்து உறைஞ்சா வேலை செய்யாது. யார் ஐஸ்ல வெச்சது?" என்றார் டாக்டர்.

"சோடாக்கடைக்காரர்" என்றேன்.

பிழைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து ஊசி அளவு பார்க்கப் போனபோது, வரிசையில் எங்களுக்கு முன்னால் அவள் வயதில் ஒரு பெண். அவளுக்கும் அதே நோய், அதே மருந்து. "நாங்க ஃபிரிட்ஜ் கதவுல வெச்சிருவோம். நீங்க?" என்று அவள் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஊசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு எழுதியது. எங்கள் வீட்டுக்கு ஏற்றதை நர்ஸம்மா வாயால் சொன்னார், நான்தான் தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலம் தங்கை அந்தச் சீட்டை என் மடியில் போட்டாள்.

"முழுசா படி யக்கா."

படித்தேன். மூன்றாம் வரியில் இருந்தது: உறைய விடக்கூடாது. மறுபடியும் படிக்கச் சொன்னாள். பிறகு, தானே புதுக் குப்பியை மணலில் புதைத்தாள்.

"நைனா போய் சோடாக்கட அண்ணாத்தேவ அசிங்கமா திட்டிட்டு வந்துச்சு. அங்க வெக்கச் சொன்னது நீதானே?"

நான் சீட்டை மடித்து வைத்தேன்.

"போய்ச் சொல்லு. நீ சொல்றவரைக்கும் என் ஊசிய நானே போட்டுக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கடையில் அவர், ஐஸ் உருகாமலிருக்கப் பெட்டிக்குள் உமி கொட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே நிமிர்ந்தார்.

"இன்னாம்மே, தங்கச்சி இப்ப எப்டி கீது?"